தொகுதி ரெண்டு லண்டன்ல இருக்குதுங்க

திருப்பூர்ல பொய் சொல்லாத ஆளை நான் பாத்ததில்ல. தப்பா எடுத்துக்காதீங்க, அந்தப் பட்டியல்ல எம்பேரு மேலாலதான் இருக்கும். "துணி சாயப்பட்டறையில இருந்து வந்துருச்சுங்க", "வண்டி கிளம்பிருச்சுங்க", "புதன்கிழமை கண்டிப்பா சரக்கு போயிருமுங்க", இதுல ஏதாவது ஒண்ணைச் சொல்லாம இந்த ஊர்ல இருந்து ஒரு பனியன்கூட கப்பல் ஏறுனதில்ல. ஆனா சொல்ற பொய்க்குத் தொகுதி, பக்கம், எத்தனாவது பத்தி எல்லாம் சேத்துச் சொன்ன ஒரே ஆளு எங்க ப்ரொபசருதான்.

ப்ரொபசர்னா காலேஜுல பாடம் எடுக்கறவரு இல்லீங்க. திருப்பூர் ராயபுரத்துக்குப் பக்கத்துல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில பேக்கிங் இன்சார்ஜு. ரெண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்குல நான் அங்க மெர்ச்சண்டைசர். அதாவது சரக்கு வாங்கற வெளிநாட்டு பையருக்கும் நம்ம ஃபேக்டரிக்கும் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் திட்டு வாங்கற உத்தியோகம். அதுக்குச் சம்பளமும் குடுத்தாங்க.

ப்ரொபசரு நெசவுக்காரக் குடும்பம். முருகன்னா உசுரு. வருஷம் தவறாம பழனிக்கு நடந்தே போய் மொட்டை போட்டுட்டு வருவாரு. அதனால வருஷத்துல மூணு மாசம் மொட்டை, மூணு மாசம் முள்ளம்பன்னி, மீதி ஆறு மாசம் எங்களை மாதிரி சாதாரண மனுஷன். சட்டைப் பாக்கெட்டுல நாலு பேனா. மூக்கு மேல கண்ணாடி. அந்தக் கண்ணாடியில பவர் கிடையாதுன்னு எனக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்.

"அப்புறம் எதுக்குங்க கண்ணாடி?"ன்னு கேட்டேன்.

"பார்வை நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா பேசயில முக்கியமான எடம் வந்தா, கழட்டறதுக்கு ஒண்ணு வேணுமில்லீங்க?"

"எனக்குத் தோணுது"ங்கற வார்த்தையே அவரு வாயில வராது. "ஆராய்ச்சி சொல்லுதுங்க" அப்படித்தான் ஆரம்பிப்பாரு. கோயில்ல எதுக்கு மணி அடிக்கறோம், எதுக்குக் கற்பூரம், எதுக்குத் திருநீறு, எல்லாத்துக்கும் ஆராய்ச்சி இருக்கும். எல்லா ஆராய்ச்சியும் ஒரு ஜெர்மன்காரன் பண்ணுனதா இருக்கும். ஏன்னா எங்க பையரு ஜெர்மனி. ஜெர்மன்காரன் எவ்வளவு நோண்டுவான்னு பேக்கிங்ல இருக்கற எல்லாருக்கும் தெரியும். ஸ்டிக்கர் ஒரு நூல் கோணலா இருந்தாலே நாலு பக்கத்துக்கு மெயில் போடற ஜாதி. அவனே சரின்னு சொல்லிட்டான்னா அப்புறம் அதுல பேச்சே இல்ல. சதவீதம் சொன்னா புள்ளிக்கு அப்புறம் ரெண்டு எண் கண்டிப்பா இருக்கும். முழு எண் சொன்னா நம்ம ஆளுங்க நம்ப மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும்.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, எங்க கம்பெனிக்குத் திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து ஒரு டெய்லர் வேலைக்கு வர்ற வரைக்கும். சாப்பாட்டு நேரத்துல பேக்கிங் ஹால்ல அட்டைப்பெட்டிங்க மேல உக்காந்து எல்லாரும் டிபன் கேரியரைத் தொறப்போம். அன்னைக்கு ப்ரொபசரு தேங்காயை எடுத்துக்கிட்டாரு.

"தேங்கா ஒடையற சத்தம் இருக்குது பாருங்க, அந்த அதிர்வுல காத்துல இருக்கற கிருமியெல்லாம் பத்தடிக்கு அக்கட்ட ஓடிருதுங்க. ஜெர்மன்காரன் மிஷின் வெச்சு அளந்திருக்கறான்."

டெய்லரு தயிர்சாதத்துல கைய வெச்சபடியே நிமிந்து பாத்தான். "எந்த பொஸ்தகத்துல போட்டிருக்கு வே?"

இத்தனை வருஷத்துல அந்தக் கேள்வியை எங்க ஊர்க்காரன் ஒருத்தன்கூடக் கேட்டதில்ல. மரியாதை கருதித்தான். ப்ரொபசரு கண்ணாடியைக் கழட்டினாரு. மறுபடி மாட்டினாரு. "கொண்டாந்து காட்டறேனுங்க."

திங்கக்கிழமை வந்துச்சு. மூணு புஸ்தகம். ஒவ்வொண்ணும் ஹாலோ பிளாக் கல்லு தண்டிக்கு. மூணுக்கும் காக்கி அட்டை போட்டிருந்துச்சு, ஸ்கூல் புள்ளைங்க நோட்டுக்குப் போடற மாதிரி. முதுகுல ஸ்கெட்ச் பேனாவுல எழுதியிருந்தாரு: தொகுதி 1, தொகுதி 3, தொகுதி 4.

"ரெண்டாவது எங்க வே?"ன்னான் டெய்லரு.

"தொகுதி ரெண்டு லண்டன்ல இருக்குதுங்க. மியூசியத்துல. நம்மளுக்குத் தர மாட்டீங்கறாங்க."

அவ்வளவுதான். டெய்லரு டிபன் கேரியரைத் தொறக்கப் போயிட்டான். நல்லா யோசிச்சுப் பாருங்க, நாலு தொகுதியும் கொண்டாந்திருந்தா அவன் ஒண்ணைத் தொறந்து பாத்திருப்பான். ஒண்ணு இல்லாமப் போனதுதான் மீதி மூணுக்கும் மதிப்பைக் குடுத்துச்சு.

அதுக்கப்புறம் ப்ரொபசரைப் புடிக்க முடியல. "தொகுதி மூணு, பக்கம் நானூத்திப் பன்னண்டு, ரெண்டாவது பத்தி." புஸ்தகத்தை அவரு தொறந்து நாங்க பாத்ததே இல்ல. உள்ளங்கையை அது மேல வெச்சுக்கிட்டுப் பேசுவாரு. அது போதுமா இருந்துச்சு. ஒருக்கா மங்கலத்துப் பக்கம் ஒரு கோயில் விசேஷத்துக்குப் பேசக் கூப்பிட்டாங்க. நோட்டீஸ்ல 'ஆராய்ச்சியாளர்'னு அடிச்சுட்டாங்க. நானும் கூடப் போயிருந்தேன், பிரசாதம் நல்லாயிருக்கும்னு சொன்னாங்க. மேடையில அவரு என்ன பேசுனாருன்னு இப்ப ஒரு வரி ஞாபகமில்ல. ஆனா பேசி முடிச்சதும் ஒரு விசைத்தறிக்காரரு மேலேறி வந்து, மூணு புஸ்தகத்தையும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனது மட்டும் நல்லா ஞாபகமிருக்குது.

இவருக்கு ஒரு எதிராளி இருந்தாரு. செக்கிங் சூப்பர்வைசர். அவிநாசிக்குப் பக்கத்துல தலைமுறை தலைமுறையா இருக்கற கிறிஸ்தவக் குடும்பம். வாரமெல்லாம் பனியன்ல ஓட்டை தேடுவாரு, ஞாயித்துக்கிழமை ஊர்ல சின்னச் சர்ச்சுல பிரசங்கம் பண்ணுவாரு. அவருக்கு நாங்க வெச்ச பேரு கிரேக்கர். ஏன்னா எந்த வசனத்தை எடுத்தாலும், "தமிழ்ல இப்படிப் போட்டிருக்குதுங்க. ஆனா மூல கிரேக்கத்துல அர்த்தமே வேறீங்க" அப்படிம்பாரு. பைபிளுக்குள்ள வெச்சிருக்கற ஒரு வெள்ளைப் பட்டுத் துணியை எடுப்பாரு. ரெண்டு விரல் அகலம்தான் இருக்கும். அதுல பொடிப்பொடியா, நமக்குப் புரியாத எழுத்து. அதைக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பாப்பாரு. பெருமூச்சு விடுவாரு. மறுபடி மடிச்சு வெச்சுருவாரு. அந்தப் பெருமூச்சுலயே பாதிப் பேரு கவுந்துருவாங்க.

ரெண்டு பேரும் மோதுனா பாக்கோணுமே. எங்கூர்ல சண்டையும் மரியாதை குறையாமத்தான் நடக்கும்.

"ப்ரொபசருங்க, நீங்க சொல்றது சுத்தப் பைத்தியக்காரத்தனமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"அட அதுக்கென்னங்க. நீங்க அரைவேக்காடுன்னு எனக்கு முன்னயே தெரியுமுங்க. சித்த இந்த ஊறுகாயை இக்கட்ட தள்ளுங்க."

ரெண்டு வருஷம் ஜெயிச்சவனும் கிடையாது, தோத்தவனும் கிடையாது. அவரு பக்கம் சொன்னா இவரு பட்டுத்துணியை எடுப்பாரு. நடுவுல எங்களுக்குச் சாப்பாடு சுகமா எறங்கும்.

ஒருநா கிரேக்கர் கை கழுவ எந்திரிச்சப்ப அந்தப் பட்டுத்துணி கீழ விழுந்துச்சு. நான் எடுத்தேன். கையில பட்டதுமே தெரிஞ்சு போச்சு. பனியனுக்குப் பக்கவாட்டுத் தையல்ல உள்பக்கமா ஒண்ணு தொங்கும் பாருங்க, எப்படித் துவைக்கோணும்னு பதினோரு மொழியில போட்ட வாஷ் கேர் லேபிள், அது. அதுக்கு டிசைன் அனுப்பி அப்ரூவல் வாங்கி ஆர்டர் போட்டதே நாந்தான். பதினோரு மொழியில ஒண்ணு கிரேக்கம். மேலால இங்கிலீஷ்லயும் அதே சங்கதிதான் இருந்துச்சு. முப்பது டிகிரியில துவைக்கவும். ப்ளீச் பண்ணக் கூடாது. பிரிண்ட் மேல அயர்ன் பண்ணக் கூடாது.

சத்தமில்லாம மடிச்சு பைபிளுக்குள்ள வெச்சுட்டேன்.

அதே மாசம் இன்னொண்ணும் தெரிஞ்சுது. தொகுதி நாலுல காக்கி அட்டை ஒரு மூலையில கிழிஞ்சு, உள்ள பச்சையா எட்டிப் பாத்துச்சு. அந்தப் பச்சை எனக்கு நல்லாத் தெரியும். எங்க பையரு குடுத்த குவாலிட்டி மேனுவல், நாலு வால்யூம். எப்படித் தைக்கோணும், எப்படி மடிக்கோணும், எப்படிப் பொட்டி போடோணும்னு எல்லாம் இங்கிலீஷ்ல. அதை வாங்கறப்ப, 'முழுவதும் படித்துப் புரிந்துகொண்டேன்'னு அடிச்ச காயிதத்துல என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன். அப்புறம் அதுல மூணு காணாமப் போச்சு. முதலாளி கேட்டப்ப, "ஆடிட்டுக்கு வந்தவங்க கொண்டு போயிட்டாங்க சார்"னு நான் ஒண்ணை எடுத்து விட்டேன்.

காணாமப் போகாத ஒண்ணு, அதாவது லண்டன் மியூசியத்துல இருக்கற தொகுதி ரெண்டு, எம்மேஜையில இருந்துச்சு. கம்ப்யூட்டர் மானிட்டருக்கு அடியில. எனக்குக் கழுத்து வலி, அதுக்கு உசரம் பத்தலைன்னு வெச்சிருந்தேன்.

ஏன் வெளிய சொல்லலைன்னு கேப்பீங்க. எப்படிங்க சொல்றது? "அது நம்ம மேனுவலுங்க"ன்னு வாயைத் தொறந்தா, "அப்ப இத்தனை நாளா உனக்குத் தெரியலையே, நீ படிச்சதில்லையா?"ன்னு மொதக் கேள்வி எனக்குத்தான வரும்? ஆளாளுக்கு ஒரு படிக்காத புஸ்தகத்து மேல கைய வெச்சுக்கிட்டு நின்னோம். ப்ரொபசராவது அட்டை போட்டிருந்தாரு.

இப்படியே ஓடியிருக்கும், ப்ரொபசருக்குப் பொண்ணு ஒண்ணு இல்லாம இருந்திருந்தா.

சண்முகப்பிரியா. ஒத்தைப் புள்ளை. அந்த ஊட்டுல இருந்து காலேஜுக்குப் போன மொத ஆளு. பி.ஏ. ஹிஸ்டரி, கடைசி வருஷம். அப்பன் ஊட்டுல ராத்திரி சோறு திங்கறப்பச் சொல்றதையெல்லாம் சின்ன வயசுல இருந்து ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்குது, தொகுதி எண், பக்க எண் சகிதம். கடைசி வருஷத்துல ப்ராஜெக்ட் ஒண்ணு பண்ணோணும். 'பழனியில் முடிகாணிக்கை'ன்னு தலைப்பு எடுத்துச்சு. அடிக்குறிப்பு மட்டும் இருவத்திமூணு, இருவத்திமூணும் அப்பனோட தொகுதிங்க. கைடு மேடம் பாத்துட்டு, "புக்கோட பேரு என்ன, எழுதுனது யாரு?"ன்னு கேட்டிருக்காங்க. ஊட்டுல வந்து கேட்டா, "மேலட்டை கிழிஞ்சு போச்சு கண்ணு"ன்னு ஒரு வாரம். "கம்பெனி பீரோவுல மாட்டிக்கிச்சு, சாவி இல்ல"ன்னு இன்னொரு வாரம். கடைசியில மேடம் முடிவாச் சொல்லிட்டாங்க: திங்கக்கிழமை புஸ்தகம் மேஜைக்கு வரோணும், இல்லாட்டி ப்ராஜெக்டை வாங்க மாட்டேன். வாங்கலைன்னா அரியர். டிகிரி ஒரு வருஷம் தள்ளிப் போகும். அதுக்கு மேல, "எங்கப்பா ஆராய்ச்சியாளரு"ன்னு இந்தப் புள்ளை டிபார்ட்மெண்ட் பூராச் சொல்லி வெச்சிருக்குது.

அது எதுவும் எங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை மத்தியானம். பேக்கிங் ஹால்ல கச்சேரி உச்சத்துல இருந்துச்சு. ப்ரொபசரு அப்ப மொட்டைப் பருவத்துல இருந்தாரு, அதனால அன்னைக்குத் தலைப்பும் அதேதான்.

"முடியக் குடுத்தாக் காரியம் ஆகுமுன்னா, நம்ம சலூன்காரருதானுங்க பெரிய பக்தரு"ன்னாரு கிரேக்கர். ஹாலே சிரிச்சுது.

ப்ரொபசரு சிரிக்கல. எப்பவும் சிரிப்பாரு, இந்த விஷயத்துல மட்டும் சிரிக்க மாட்டாரு. கண்ணாடியைக் கழட்டினாரு. "மண்டையில நரம்பு முடிச்சு ஆயிரம் இருக்குதுங்க. வருஷத்துக்கு ஒருக்கா வெய்யில் நேராப் பட்டாத்தான் அது வேலை செய்யும். ஜெர்மன்காரன் ஒத்துக்கிட்டான். தொகுதி மூணு, பக்கம் நானூத்திப் பன்னண்டு."

"அப்பா, அந்தப் புக்குத்தாம்ப்பா வேணும்."

வாசப்படியில அந்தப் புள்ளை நிக்குது. தோள்ல பை, கையில ஃபைலு. விஷயத்தை எல்லாரு முன்னாலயும் கடகடன்னு சொல்லுச்சு. மேடம், திங்கக்கிழமை, அரியர் எல்லாம். "நானே தூக்கிட்டுப் போறேம்ப்பா, ஆட்டோவுல வந்திருக்கேன்."

தொகுதி மூணு மேஜை மேலதான் இருந்துச்சு. ப்ரொபசரோட கை அது மேல இருந்துச்சு. கைய எடுக்கவும் இல்ல, குடுக்கவும் இல்ல. மொட்டைத் தலையில வேர்வை பூத்து எறங்குது. முப்பது பேரு பாத்துட்டிருக்கோம். நான் என் தட்டுல இருந்த வெண்டைக்காயை எண்ண ஆரம்பிச்சேன்.

கிரேக்கர் எந்திரிச்சாரு. போச்சுடான்னு நெனச்சேன். செக்கிங் சூப்பர்வைசருங்க, பச்சை மேனுவலைத் தெரியாதா அவருக்கு? ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டிருந்த எடம். ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

அவரு நேரா மேஜைக்குப் போயி, ப்ரொபசரு கைக்கு அடியில இருந்து அந்தப் புஸ்தகத்தை உருவித் தன் கக்கத்துல வெச்சுக்கிட்டாரு.

"இது இப்ப என் கைக்கு வந்துருச்சு கண்ணு. நான் படிக்கக் கேட்டிருந்தேன். ரெண்டு வாரத்துக்குத் தர முடியாது. உங்க மேடத்துக்கு வேணும்னா நானே லெட்டர் எழுதித் தர்றேன்."

"உங்களுக்கு எதுக்கு அங்கிள் இந்தப் புக்கு?"

"உங்கப்பாகிட்டத் தோத்துட்டேனில்ல. ஏன் தோத்தேன்னு தெரிஞ்சுக்கோணுமில்ல."

ஹால்ல ஒரே விசிலு. பேக்கிங் ஆளுங்க டிபன் மூடியைத் தட்டறாங்க. ரெண்டு வருஷச் சண்டையில மொத தடவையா ஒருத்தரு தோத்தேன்னு சொல்லியிருக்காரு. அதுவும் வாரா வாரம் பொய் சொல்லாதேன்னு பிரசங்கம் பண்றவரு, இத்தனை பேரு முன்னால, எதிராளிக்காக ஒரு பொய்யைச் சொல்லிட்டு நிக்கறாரு. காது ரெண்டும் சிவந்திருந்துச்சு.

ஜெயிச்சவரு மூஞ்சியத்தான் பாக்க முடியல.

"குடுங்க"ன்னாரு ப்ரொபசரு.

"வேண்டாமுங்க ப்ரொபசரு. விடுங்க."

"குடுங்கன்னேன்ல."

'ங்க' இருந்தும் அதுல மரியாதை இல்ல. நான் கேட்ட வரைக்கும் அது ஒண்ணுதான் அப்படி. புஸ்தகத்தை வாங்கி, காக்கி அட்டையை நகத்துல கீறி, ஒரே இழுப்புல உரிச்சாரு. உள்ள பச்சை. நானூத்திப் பன்னண்டாம் பக்கத்தை எடுத்துப் பொண்ணு கையில வெச்சாரு.

"படி கண்ணு. சத்தமாவே படி. எனக்கு இங்கிலீஷ் வராது."

அந்தப் புள்ளை பாத்துச்சு. மெதுவாத் தமிழ்ல சொல்லுச்சு. "அட்டைப்பெட்டியைக் கீழ போட்டுப் பாக்கற சோதனை. மொதல்ல ஒரு மூலை தரையில படற மாதிரி போடணும். அப்புறம் மூணு விளிம்பு. அப்புறம் ஆறு பக்கமும்..." அதுக்கு மேல படிக்கல.

"அவ்வளவுதான் கண்ணு. பொட்டி ஒடையுதா இல்லையான்னு பாக்கற புஸ்தகம்."

"இருவத்திமூணு எடத்துல போட்டிருக்கேம்ப்பா."

"தெரியும்."

"டிபார்ட்மெண்ட்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

"அதுவும் தெரியும் சாமி."

அழும்னு நெனச்சேன். அழல. அப்பன் தலையையே பாத்துட்டு நின்னுச்சு. "அப்ப எதுக்குப்பா வருஷா வருஷம் மொட்டை போடறீங்க?"

ப்ரொபசரு கண்ணாடியைத் தேடினாரு, அது மேஜையில கெடந்துச்சு. எடுக்கல. சாதாரணமாச் சொன்னாரு, லாரியில எத்தனை பொட்டி ஏத்துனோம்னு சொல்ற மாதிரி.

"நீ பதினோரு மாசக் கொழந்தை. காச்சல்ல வெட்டு வந்து கையுங்காலும் இழுத்துக்கிச்சு. ஆஸ்பத்திரியில ஒண்ணும் சொல்ல முடியாது, ஒரு நா போகட்டும்னாங்க. நான் குழாயடியில நின்னுக்கிட்டு முருகங்கிட்டச் சொன்னேன். புள்ளையக் குடுத்துரு, உசுரு இருக்கற வரைக்கும் வருஷா வருஷம் நடந்து வந்து முடி குடுக்கறேன்னு. மருந்துலதான் பொழச்சியோ என்னமோ. ஆனா நாஞ் சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குதில்ல."

"இதை ஏம்ப்பா ஒருநாகூடச் சொல்லல?"

"அதுக்கு ஏது கண்ணு பக்கம்?"

கிரேக்கர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. சலூன்காரர் ஜோக்கு அவருக்கு இப்பத்தான் உறைச்சிருக்கும். பைபிளைத் தொறந்து, அந்தப் பட்டுத்துணியை எடுத்துப் பச்சைப் புஸ்தகத்துக்குப் பக்கத்துல வெச்சாரு. "இதுவும் நம்ம கம்பெனி லேபிள்தானுங்க. என்ன எழுதியிருக்குதுன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாதுங்க."

நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "முப்பது டிகிரியில துவைக்கச் சொல்லியிருக்குதுங்க. ப்ளீச் பண்ணக் கூடாதாமுங்க"ன்னேன்.

திருநெல்வேலி டெய்லரு மெல்ல எந்திரிச்சான். "அப்ப ரெண்டு வருசமா எங்களுக்குத் துணி தொவைக்கத்தான் சொல்லிக்கிட்டு இருந்தீரா வே?"

மொதல்ல சிரிச்சது அந்தப் புள்ளைதான். அப்புறம் கிரேக்கர். ப்ரொபசரு கடைசியா, வேற வழியில்லாம. சிரிச்ச சூட்டுல நானும் என் சங்கதியைச் சொல்லிட்டேன், படிக்காமப் போட்ட கையெழுத்து, மானிட்டருக்கு அடியில இருக்கற லண்டன் மியூசியம், எல்லாத்தையும். அதுக்கு மட்டும் யாரும் சிரிக்கல. "உங்களைப் பத்தித்தான் முன்னயே தெரியுமேங்க"ன்னாரு ப்ரொபசரு. மணி அடிச்சுது. எல்லாரும் வேலைக்குப் போனோம்.

ப்ராஜெக்ட் என்னாச்சுன்னு சொல்லோணுமில்ல. திங்கக்கிழமை அந்தப் புள்ளை மேடத்துகிட்டப் போயி உள்ளதை உள்ளபடி சொல்லிருச்சு. மேடம் திட்டிட்டு, பத்து நாள் டைம் குடுத்தாங்க. பத்து நாளும் மத்தியானம் எங்க பேக்கிங் ஹாலுக்கு நோட்டோட வந்துச்சு. கம்பெனியில முடிகாணிக்கை குடுத்தவங்க ஒவ்வொருத்தரையும் உக்கார வெச்சுக் கேட்டுச்சு. எதுக்குக் குடுத்தீங்க, என்ன நேந்துக்கிட்டீங்க. ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டற அம்மா, லோடு ஏத்தறவரு, ஏன், நம்ம திருநெல்வேலி டெய்லருகூட இருந்தான். தங்கச்சிக்குக் கல்யாணம் கூடி வரோணும்னு மொட்டை போட்டிருக்கான் பாவி, எங்ககிட்ட மூச்சு விட்டதில்ல. ஒருத்தருகூட நரம்பு முடிச்சுன்னு சொல்லல. எல்லாருக்கும் காரணம் இருந்துச்சு, யாருக்கும் ஜெர்மன்காரன் தேவைப்படல. கிரேக்கரையும் அது விடல. 'மாற்றுக் கருத்து'ன்னு தனியா ஒரு பக்கம் அவருக்கு. அதுல பட்டுத்துணி எல்லாம் இல்லாம, தமிழ்லயே நல்லாப் பேசியிருந்தாரு. பாஸும் ஆயிருச்சு.

ப்ரொபசரு திருந்திட்டாருன்னு நெனச்சுறாதீங்க. அடுத்த மாசமே கற்பூரத்தைப் பத்தி ஜெர்மன்காரன் என்னமோ சொல்லிட்டான். ஆனா தொகுதி, பக்கம் மட்டும் சொல்ல மாட்டாரு. மொட்டைன்னு பேச்சு வந்தா மட்டும், "பக்கம் அறுவத்தேழு" அப்படிம்பாரு. அவ்வளவுதான். அதுக்கு மேல எதுவும் சொல்ல மாட்டாரு.

நான் அந்தக் கம்பெனியை விட்டு வர்ற அன்னைக்குக் கையில ஒண்ணைக் குடுத்தாரு. "படிச்சுட்டுக் குடுங்க. இதுக்காவது கையெழுத்துப் போடறதுக்கு முன்னால படிங்க." ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ் காப்பி. அதுக்கும் காக்கி அட்டை போட்டிருந்தாரு. மேலால ஸ்கெட்ச் பேனாவுல, 'தொகுதி 2'.

உள்ள 'பழனியில் முடிகாணிக்கை'. மொதப் பக்கத்துல இருந்து படிச்சேன். கடைசியில தகவல் தந்தவங்க பட்டியலு. மொதப் பேரு அவரோடது. கீழ, 'கல்வி: எட்டாம் வகுப்பு. தொழில்: பேக்கிங் இன்சார்ஜ். உறவு: தந்தை'.

அடியில பக்க எண்ணைப் பாத்தேன். அறுவத்தேழு. சரியாத்தான் சொல்லியிருக்காரு மனுஷன்.